பிள்ளையாருக்கு நூற்றெட்டு வோல்நட்

என் அம்மா பிள்ளையாரிடம் யோசிக்காமல் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அதனால் நாங்கள் நான்கு பேரும் ஒரு ஈஸ்டர் விடுமுறையில் விடியப்புறம் எழும்பி, நாலு மணித்தியாலம் காரில் போய், மலைகளுக்கு நடுவே நூறு வருடத்துப் பழைய மரங்களின் கீழே பசியோடு பகல் முழுவதும் நிற்க வேண்டி வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு எட்டு வயது. நாங்கள் மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் இருந்தோம்.

அம்மா விட்ட வார்த்தை மாமாவைப் பற்றியது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. நாங்கள் மெல்பேர்னுக்கு வந்து ஒரு வருடத்தில், ஊரில் அவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. சிநேகிதர்களோடு சேர்ந்து மதிலில் ஏதோ சுவரொட்டி ஒட்டினாராம். ஏழு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் மாமா ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார் என்று சொல்லப்பட்டது. விடுதியில் தங்கியதற்கு அம்மா ஏன் இப்படி அழவேண்டும், சாப்பாடு அவ்வளவு மோசமா என்று நான் யோசித்திருக்கிறேன். அந்த நாட்களில்தான் அம்மா குசினி அலுமாரிக்குள் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று நேர்த்தி வைத்தார். தம்பி வெளியே வந்து என் கண்முன்னால் நிற்கட்டும், அவன் கையாலேயே ஒரே நாளில் உனக்கு நூற்றெட்டுச் சிதறுதேங்காய் அடிப்பிக்கிறேன் என்றார். மோதகம் என்று சொல்லியிருந்தால் விஷயம் குசினியோடு முடிந்திருக்கும்.

பிள்ளையார் தன் பங்கைச் சுணங்காமல் செய்துவிட்டார். மாமாவை விட்டார்கள். அவர் மெல்பேர்னில் படிக்க இடம் எடுத்து, விமானம் ஏறி, ஒரு சூட்கேசோடு வந்து அம்மாவின் கண்முன்னால் நின்றார். எங்கள் பங்குதான் அப்படியே கிடந்தது.

இன்றைக்கு மெல்பேர்னில் மலையடிவாரத்தில் பிள்ளையாருக்குக் கோயில் இருக்கிறது. கடைகளில் தேங்காய் குவிந்து கிடக்கிறது. அன்றைக்குக் கோயிலும் இல்லை, தேங்காயும் இல்லை. அப்பா எங்கள் தெருமுனைப் பழக்கடைக்காரரிடம் போய் நூற்றெட்டுத் தேங்காய் வேண்டும் என்று கேட்டார். அந்தக் கிரேக்கர் இரண்டு தடவை எண்ணிக்கையைத் திருப்பிக் கேட்டுவிட்டு, மூன்று வாரம் கழித்து நாலு தேங்காய் எடுத்துத் தந்தார். ஒன்றில் பூஞ்சணம். ஒன்று காய்ந்து உள்ளே கலகலத்தது. ஒன்றை உடைத்தபோது வந்த நாற்றத்தில் குசினி யன்னலைத் திறந்துவைக்க வேண்டியதாயிற்று. நாலாவதை உடைக்கப்போய் அப்பா சுத்தியலால் தன் பெருவிரலை அடித்துக்கொண்டார். ஊருக்கு எழுதி அங்கே யாரையாவது கொண்டு அடிப்பிக்கலாமே என்று அப்பா விரலைப் பிடித்தபடி கேட்டார்.

"அவன்ர கையாலை எண்டெல்லே சொல்லிப்போட்டன்" என்றார் அம்மா.

இரண்டு வருடம் இப்படியே போனது. மாமா படிப்பை முடித்தார். படிப்புக்காகத் தந்த விசா முடியப்போகிறது. இங்கேயே இருக்க அனுமதி கேட்டு எழுதிவிட்டு, ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். பதில் வரவில்லை. அனுமதி கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் என்ன நடக்கும் என்பதை வீட்டில் யாரும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. அந்த இடம் வந்ததும் அப்பா தொண்டையைச் செருமுவார், அம்மா எழும்பிக் குசினிக்குள் போவார். எனக்கு விளங்கியது ஒன்றுதான். பிள்ளையாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவரைக்கும் கடிதம் வராது, வந்தாலும் நல்லதாக வராது என்று அம்மா நம்பினார். நானும் நம்பினேன். அந்த நாட்களில் வீட்டில் எது பிழையாய்ப் போனாலும் காரணம் அதுதான். உடுப்புக் காயப்போடும் கம்பி காற்றில் சாய்ந்தது, எனக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்பளித்தது, அப்பாவின் கார் மழையில் நின்றுபோனது, எல்லாம். அம்மா ஞாயிற்றுக்கிழமையும் போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

மாமா மட்டும் எதற்கும் அசையமாட்டார். அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அம்மா விளக்கேற்றும்போது கதிரையில் சாய்ந்திருந்து, பிள்ளையாருக்கு இங்கிலீஷ் தெரியுமோ, விசா தரும் குடிவரவுக் கந்தோரில் அவருக்கு ஆரையேன் தெரியுமோ என்றெல்லாம் என்னிடம் கேட்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். உலகத்தில் மாமாவைப் போலப் பயமில்லாத ஆள் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

அந்த மாமாதான் ஒரு பின்னேரம் வேலையால் வந்து, காற்சட்டைப் பைக்குள்ளிருந்து பச்சையாக உருண்டையாக மூன்று காய்களை எடுத்துக் குசினி மேசையில் வைத்தார். தமிழ்நாட்டுக்காரர் அக்ரூட் என்பார்களே, அந்த வோல்நட், தோலோடு. கூட வேலை செய்யும் இத்தாலியர் கொடுத்தாராம். அவருடைய மச்சான் வடகிழக்கே மலைப்பக்கம் புகையிலை செய்கிறார், பக்கத்துப் பள்ளத்தாக்கில் இந்த மரங்கள் ஒரு காடுபோல நிற்கின்றன, நூறு வருடத்துக்கு மேற்பட்டவை. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மாமா வழக்கறிஞர் மாதிரித் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. வெளியில பச்சை மட்டை இருக்கோ?"

"இருக்கு."

"மட்டைக்குள்ள சிரட்டை இருக்கோ?"

"ம்."

"சிரட்டைக்குள்ள வெள்ளைப் பருப்பு. அப்ப இது என்ன?"

அம்மா ஈரக்கையோடு வந்து ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "தண்ணி எங்கையடா?"

"குளிர் நாடெல்லே. தண்ணியும் இறுகிப் பருப்பாப் போச்சு."

ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்த அப்பா, தாவரவியலின்படி இதற்கும் தேங்காய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று தொடங்கினார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார்.

மாமா இதைப் பகிடிக்குத்தான் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மாவின் முகத்தை ஒரு நாளைக்காவது சிரிக்கவைக்கலாம் என்று பார்த்திருப்பார். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தார். கேட்டறிய ஐயர் இல்லாத ஊரில் அம்மாவே ஐயராகி மூன்றாம் நாள் தீர்ப்புச் சொன்னார். ஆகும். ஆனால் கடையில் பையில் அடைத்து விற்பது ஆகாது, யார் கைபட்டதோ. மரத்தடியிலிருந்து நேரே எடுக்கவேண்டும். மாமா தன் கையால் கல்லில் எறிந்து உடைக்கவேண்டும், தட்டியோ நசுக்கியோ அல்ல. உடையாதது கணக்கில் சேராது. நூற்றெட்டும் முடியும்வரை ஒருவர் வாயிலும் ஒரு பருக்கையும் படக்கூடாது.

கொல்லையில் சீமெந்துத் தரையில் அரை மணித்தியாலத்தில் முடிக்கலாம் என்று எண்ணியிருந்த மாமாவின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்படித்தான் அந்தப் பயணம். பின் ஆசனத்தில் நானும் மாமாவும், எங்களுக்கு நடுவே துணியால் கட்டிய புட்டுச் சட்டியும். கூடவே உருளைக்கிழங்குப் பிரட்டல். நாலு மணித்தியாலம் அந்த வாசத்தை மடியில் வைத்துக்கொண்டு போனதுதான் அன்று எனக்கு நேர்ந்த முதல் துன்பம். வழியில் மாமா சட்டியைத் தட்டி, உள்ளே ஆர், சுகமா இருக்கிறியளோ என்று விசாரித்தார். அம்மா முன்னாலிருந்து திரும்பாமலே "தம்பி" என்றார். மாமா கையை எடுத்துவிட்டார்.

பள்ளத்தாக்குக்குள் கார் இறங்கியது. இரண்டு பக்கமும் நீல மலை. நடுவே ஓர் ஓடை. ஓடைக்கரை நெடுக அந்த மரங்கள். நானும் அப்பாவும் மாமாவும் கைகோத்து நின்றாலும் ஒன்றைக் கட்டிப்பிடிக்க முடியாது. மேலே கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. மஞ்சள் இலை விழுந்தபடி இருந்தது. கீழே தரை முழுக்கக் காய்கள். சில பச்சையாக, சில தோல் வெடித்து, சில கறுத்து அழுகி. மை போத்தல் உடைந்ததுபோல ஒரு மணம். எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது. அம்மாவுக்கும் பிடித்தது. "கோயில் வீதி மாதிரி இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

தோட்டத்துச் சொந்தக்காரர் எழுபது வயதுக் கிழவர். தொப்பியும், நெஞ்சுவரை ஏறிய காற்சட்டையும், கூடவே ஒரு கறுப்பு வெள்ளை ஆட்டுநாயும். அப்பா அவருக்குச் சொல்லவேண்டியதை முதல் நாளே கடுதாசியில் எழுதிப் பாடமாக்கியிருந்தார். சமய காரணத்துக்காக நூற்றெட்டு வோல்நட்டும் ஒரு கடினமான கல்லும் தேவைப்படுகின்றன, தங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம் என்பது அதன் சாரம். கிழவர் அப்பாவைப் பார்த்தார், பட்டுச்சேலையில் குளிருக்கு அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தார். கீழே கிடப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள், கல் ஓடைப்பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டினார். ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. இந்த நாட்டு மனிதர்களில் எனக்குப் பிடித்த குணம் அது.

கல் நல்ல கல். அடி பருத்து, ஒரு பெரிய வயிற்றைப்போல் இருந்தது. அம்மாவுக்கு அதிலேயே பாதி மனம் நிறைந்துவிட்டது. கல்லடியில் வாழையிலைக்குப் பதிலாக ஒரு வெள்ளித் தட்டை வைத்து, ஊரிலிருந்து பார்சலில் வந்த மஞ்சள் தூளைக் குழைத்து ஒரு பிள்ளையார் பிடித்தார். தலையில் அறுகம்புல் குத்தினார். இந்த நாட்டில் அறுகம்புல்லுக்கு மட்டும் என்றுமே தட்டுப்பாடு இருந்ததில்லை. அப்பா கோடை முழுக்க எங்கள் புற்றரையில் அதோடுதான் சண்டை பிடிப்பார்.

நாங்கள் பொறுக்கிக் குவித்தோம். எனக்கு எண்ணும் வேலை தரப்பட்டது. நான் வகுப்பில் கணக்கில் முதலாம் பிள்ளை, ஆகவே அது நியாயமான நியமனம்தான். மாமா சட்டைக் கையை மடித்தார், முதல் காயை எடுத்தார், கிரிக்கெட் ஆட்டக்காரர் மாதிரி மூன்றடி பின்னால் போய் ஓடிவந்து எறிந்தார்.

காய் கல்லில் பட்டு, உடையாமல், துள்ளி எழும்பி, அப்பாவின் காதைத் தடவிக்கொண்டு போய்ப் புல்லுக்குள் விழுந்தது.

சிதறுதேங்காய் சிதறாமல் போனால் அது என்ன சகுனம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அம்மாவின் முகம் வெளுத்தது. யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் நாய் பாய்ந்து போய், அந்தக் காயைக் கவ்விக்கொண்டு வந்து, வாலை ஆட்டியபடி மஞ்சள் பிள்ளையாரின் காலடியில் எச்சில் வடிய வைத்தது.

"ஐயோ, எச்சில்!" என்று அம்மா அலறினார்.

"பிள்ளையாருக்கு வேலைக்கு ஆள் கிடைச்சிட்டுது" என்றார் மாமா. நான் சிரித்ததற்கு எனக்கு ஒரு குட்டு விழுந்தது. சொன்னவருக்கு ஒன்றுமில்லை.

அதன்பிறகு அப்பாவின் வேலை நாயைப் பிடித்துக்கொண்டிருப்பது. அப்பாவுக்கு நாய் என்றால் பயம். நாய்க்கு அப்பா என்றால் உயிர். நாலு மணித்தியாலம் அவர் அதைக் கட்டிப்பிடித்தபடி புல்லில் இருந்தார். அது இடைக்கிடை அவருடைய காதை நக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். அது தேவாரமாக இருந்திருக்கலாம்.

பச்சைத் தோலை உரித்துவிட்டு எறிந்தால் உடையும் என்பதை மாமா மெல்லக் கண்டுபிடித்தார். அதுவும் எல்லாம் உடையவில்லை. மூன்று எறிந்தால் ஒன்று உடைந்தது. உடைந்ததும் நான் எண்ணைக் கத்துவேன். உடையாததை அம்மா பார்த்துக்கொண்டே இருப்பார், மாமா குனிந்து எடுத்துத் திரும்ப எறிவார். இருபதாவது காயளவில் மாமா ஓடிவருவதை விட்டார். முப்பதில் பகிடி விடுவதை விட்டார். தோலின் சாறு பட்டு எங்கள் எல்லோருடைய விரல்களும் கபில நிறமாகிவிட்டன. பிறகு இரண்டு கிழமைக்கு அது போகவேயில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்னை மூன்று தடவை கைகழுவ அனுப்பினார்.

நாற்பதளவில் கிழவர் தாங்கமுடியாமல் வந்தார். இவ்வளவு நேரமும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். தன் பாட்டனார் நட்ட மரங்களின் காயை ஒரு மனிதன் கல்லில் எறிந்து வீணாக்குவதைக் காண அவருக்குப் பொறுக்கவில்லை. கையில் பாக்குவெட்டி மாதிரி ஒரு சாமான். அதில் ஒரு காயை வைத்து, இப்படித்தான் என்று மாமாவுக்குப் பொறுமையாகக் காட்டினார். கடக்கென்று இரண்டாகப் பிளந்தது. முழுப் பருப்பையும் என் கையில் வைத்தார். நான் வாய்க்குக் கொண்டுபோனதை அம்மா பாதிவழியில் தடுத்துவிட்டார்.

அப்பா நாயை அணைத்தபடியே விளக்கம் சொன்னார். எழுதிப் பாடமாக்கியது முடிந்துவிட்டதால் இந்தமுறை சுருக்கமாக, இவரை எங்களோடு இந்த நாட்டில் இருக்க விடவேண்டும் என்று கடவுளைக் கேட்கிறோம், இவர்தான் எறிந்து உடைக்கவேண்டும் என்றார். கிழவர் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாக்குவெட்டியைப் பைக்குள் வைத்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கேயே ஒரு மரத்தில் சாய்ந்து நின்றுவிட்டார். ஒவ்வொன்றும் உடையும்போது தலையாட்டினார்.

அறுபதைத் தாண்டியபோது மூன்று மணி ஆகிவிட்டது. நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தேன். காரின் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து புட்டு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. மாமாவின் கை வீங்கத் தொடங்கியிருந்தது, ஒவ்வொரு எறிக்கும் இடையில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தெட்டு உடைந்தது. அடுத்தது மூன்று தடவை துள்ளி, நாலாம் தடவை உடைந்தது.

"எழுபத்தொன்பது!" என்று நான் கத்தினேன்.

எப்படி வந்தது என்று தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று சொன்னால் பொய். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். பத்துக் காய் குறையும், அரை மணித்தியாலம் மிச்சமாகும். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டபடி இருந்தார். அப்பா நாயோடு இருந்தார். மாமா மட்டும், குனிந்து அடுத்த காயை எடுத்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் ஒரு கண்ணைச் சிமிட்டினார். பிறகு எறிந்தார்.

"எண்பது!" என்றேன் நான், இன்னும் பலமாக.

நூற்றெட்டு என்று நான் கத்தியபோது அம்மா அழுதுவிட்டார். கர்ப்பூரம் கொளுத்தினார். கிழவர் தலை குனிந்து நின்றார். அப்பா நாயை விட்டார், நாய் அப்பாவை விடவில்லை. எல்லோரும் காருக்குப் பக்கத்தில் விரிப்பில் இருந்து ஆறிப்போன புட்டைச் சாப்பிட்டோம். கிழவருக்கும் ஒரு தட்டு. அவர் கரண்டியால் புட்டைக் கிளறிப் பார்த்து, முழுதும் சாப்பிட்டு, ஒரு சாக்கு நிறைய வோல்நட் கட்டித் தந்துவிட்டுப் போனார். அதைவிட ருசியான புட்டை நான் பிறகு எங்கும் சாப்பிடவில்லை. கள்ளமாக வாங்கிய சாப்பாட்டுக்கு ஒரு தனி ருசி.

சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது மாமா, சுவெற்றரை மரத்தடியில் விட்டிட்டு வந்திட்டன் அக்கா, எடுத்துக்கொண்டு வாறன் என்று ஓடைப்பக்கம் நடந்தார். சுவெற்றர் அவர் உடம்பிலேயே இருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு பத்துக் காய் நினைவுக்கு வந்தது. மாமாவின் காரியத்தில் அன்று தலையிடாமல் இருப்பதே நல்லது என்று பேசாமல் இருந்தேன்.

அவர் வரவில்லை. கால் மணித்தியாலம் போனது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. மாமாவைக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை என்று அம்மா என்னை அனுப்பினார். நான் மரங்களுக்கு நடுவே போய்ப் பார்த்தேன். மாமா கல்லுக்கு முன்னால் தனியாக நின்று காய்களை எறிந்துகொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஒன்று உடையாமல் துள்ளிப் போனது. அவர் முழங்காலிட்டுப் புல்லை விலக்கித் தேடி எடுத்து, திரும்ப எறிந்தார். திரும்பவும் துள்ளியது. திரும்பவும் தேடினார். அங்கே அவரைப் பார்க்க ஒருவரும் இல்லை, அதே காயை ஏன் தேடவேண்டும், பக்கத்தில் எத்தனையோ கிடக்கின்றனவே என்று எனக்கு எரிச்சல் வந்தது. அதைவிட, என்னைக் கூப்பிடாமல் தனியாக விளையாடுகிறாரே என்று கோபம். காலடியில் இலை சத்தம்போட, திரும்பி ஓடிவந்துவிட்டேன்.

"மாமா எங்களை விட்டிட்டுத் தனிய விளையாடுறார். இன்னும் கல்லிலை எறியிறார்" என்று அம்மாவிடம் கோள் சொன்னேன்.

அப்பா கார் ஹோர்னை அடிக்கக் கையைக் கொண்டுபோனார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விளையாடட்டும்" என்றார்.

என்னை ஊஞ்சலில் இன்னும் ஐந்து நிமிடம் இருக்க விடாத அம்மா, ஒரு வளர்ந்த மனிதன் விளையாடி முடிக்கும்வரை அந்தக் குளிரில் காரில் ஏறாமல் வெளியே காத்துநின்றார். இது எந்த ஊர் நீதி என்று நினைத்து, வீடு வரும்வரை மாமாவோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தலையை யன்னலில் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. நூற்றெட்டு என்று சொல்லித் தொண்ணூற்றெட்டைக் கொடுத்துப் பிள்ளையாரை ஏமாற்றியிருக்கிறேன். கடிதம் இனி வராது. மாமாவை விமானத்தில் ஏற்றித் திரும்பவும் அந்த விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள், காரணம் நான். அம்மாவுக்கு முன்னால் நான் ஓடிப்போய்த் தபால்பெட்டியைப் பார்க்கத் தொடங்கினேன். அம்மாவிடம் சொல்லலாம் என்றால் துணிவில்லை. மாமாவிடம் சொல்லலாம் என்றால் அவர் சிரிப்பார். கடைசியில் மாமாவின் நியாயத்தையே எடுத்துக்கொண்டேன். வோல்நட் என்பது சின்னத் தேங்காய் என்றால், கச்சான், அதுதான் வேர்க்கடலை, சின்ன வோல்நட். மட்டை இல்லைதான். ஆனால் கோது இருக்கிறது, பருப்பு இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மாமா என்னை ஃபுட்பால் பார்க்கக் கூட்டிப்போய், கோதோடு ஒரு பை கச்சான் வாங்கித் தந்தார். பத்தை மட்டும் சாப்பிடாமல் கோட் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன். கராஜுக்குப் பின்னால் போய், சப்பாத்தைக் கழற்றி, அறுகம்புல்லுக்கு முன்னால் நின்று சீமெந்தில் ஒவ்வொன்றாக எறிந்தேன். கச்சான் எறிந்தால் உடையாது. காற்றில் மிதந்துபோய் விழுந்தது. ஒரு மணித்தியாலம் எறிந்தும் ஒன்றும் உடையவில்லை. பிறகு பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு, குதிக்காலால் மிதித்தேன். பத்தும் உடைந்தன. ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

கடிதம் மூன்றாம் கிழமை வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது. அம்மா அந்தக் கடுதாசியைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டு, எழும்பமாட்டேன் என்றிருந்தார். அப்பா கடிதத்தை முதலிலிருந்து இரண்டாம் தரம் வாசித்தார். மாமா கதிரையில் சாய்ந்துகொண்டு, உவர் பிள்ளையார் நல்லா இங்கிலீஷ் படிச்சிட்டார் போல கிடக்கு என்றார். நான் மாமாவின் காதுக்குள் போய், அவருக்குத் தெரியவேண்டியதைச் சொன்னேன்.

"மாமா, நான் அண்டைக்குப் பத்துக் குறைச்சுப் போட்டன். பிறகு கராஜுக்குப் பின்னாலை கச்சானிலை அந்தப் பத்தையும் உடைச்சு முடிச்சிட்டன். அதுதான் கடிதம் வந்தது."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னை இழுத்து மடியில் இருத்தி, கறை இன்னும் முழுதாகப் போகாத தன் விரலால் என் தலைமயிரை ஒதுக்கிவிட்டார்.

"அப்ப எல்லாமா நூற்றுப் பதினெட்டு" என்றார்.

"நூற்றெட்டு" என்று நான் திருத்தினேன். தொண்ணூற்றெட்டும் பத்தும் நூற்றெட்டு என்று விரல் மடித்துக் காட்டினேன்.

"ஓம் ஓம். நீ சொன்னாச் சரி."

பொறியியல் படித்துப் பட்டம் வாங்கிய மனிதருக்கு இந்தச் சின்னக் கூட்டல் தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் பெரிய இரக்கம் வந்தது. அம்மாவுக்குக் கேட்டால் மாமாவுக்கு வெட்கமாகிவிடும் என்று, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.